காஜியின் கடைசிப் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1971 இந்திய-பாகிஸ்தான் போருக்குச் சற்று முன்பு, நவம்பரில் கராச்சியிலிருந்து கிளம்பிய பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பல் காஜி, இந்தியத் தீபகற்பத்தையும் இலங்கையையும் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. டிசம்பர் 3 முடிந்து 4 பிறந்த நள்ளிரவில், விசாகப்பட்டினம் துறைமுகத்துக்கு வெளியே 90-க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "யார் மூழ்கடித்தது?" என்ற ஒரே கேள்வியைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறோம். என்னைக் கேட்டால், காஜியின் கையில் கொடுத்தனுப்பிய உத்தரவைப் பார்த்தால்தான் இந்தக் கதை புரியும். அந்த உத்தரவு எந்தத் தகவலை நம்பி எழுதப்பட்டதோ, அந்தத் தகவல் கப்பல் போய்ச் சேருவதற்குள் பழசாகிவிட்டது. என்னிடம் பலரும் கேட்ட கேள்விகளை அந்தக் கோணத்தில் இங்கே தொகுத்திருக்கிறேன்.

காஜி எப்படிப்பட்ட கப்பல்?

அது அமெரிக்காவில் பிறந்த கப்பல். பழைய பெயர் டயாப்லோ. டென்ச் வகையைச் சேர்ந்தது. 1944 டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டு, 1945 மார்ச் கடைசியில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்கள் அவை. 1964-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகையாகக் கொடுக்கப்பட்டது. தெற்காசியக் கடற்படை ஒன்றின் கைக்கு வந்த முதல் நீர்மூழ்கி அதுதான். 1965 போரின்போது இந்தியாவிடம் நீர்மூழ்கியே கிடையாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நீளம் ஏறத்தாழ 95 மீட்டர். முன்பக்கம் ஆறு, பின்பக்கம் நான்கு என்று பத்து டார்பிடோ குழாய்கள். நீர்மட்டத்தில் மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் போனால் 11,000 கடல்மைல் தூரம் ஓடும். பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப்போய் ஜப்பானோடு சண்டை போட வேண்டும் என்று கட்டிய கப்பல், அதனால்தான் இவ்வளவு தூரம். 1971-இல் அதன் தலையெழுத்தைத் தீர்மானித்தது இந்த எண்தான்.

பாகிஸ்தானிடம் புதிய நீர்மூழ்கிகளும் இருந்தனவே, வயதான இதை ஏன் அனுப்பினார்கள்?

இருந்தன. பிரான்சில் வாங்கிய டாஃப்னே வகைக் கப்பல்கள் மூன்று: ஹங்கோர், ஷுஷுக், மங்ரோ. எல்லாமே காஜியைவிடப் புதியவை. ஆனால் சின்னக் கப்பல்கள். கராச்சியிலிருந்து வங்காள விரிகுடா வரை வந்து, பல நாள் காத்திருந்து, மறுபடி கராச்சிக்கே திரும்பும் அளவுக்கு அவை ஓடாது. நடுவில் எண்ணெய் நிரப்பவோ பழுது பார்க்கவோ கிழக்குப் பாகிஸ்தானின், அதாவது இன்றைய வங்கதேசத்தின், சிட்டகாங் துறைமுகத்தில் வசதி இல்லை. ஆகவே காஜியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

அதன் இயந்திரங்கள் தளர்ந்திருந்தன. 1960-களின் கடைசியில் அதைத் துருக்கிக்கு அனுப்பிப் பழுது பார்த்தார்கள். அப்போது சூயஸ் கால்வாய் மூடிக் கிடந்ததால் ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அங்கேதான் கண்ணிவெடி போடும் வசதியும் சேர்க்கப்பட்டது. இப்படிப்பட்ட கப்பலை இவ்வளவு தூரம் அனுப்புவதா என்ற தயக்கம் பாகிஸ்தான் கடற்படைக்குள்ளேயே இருந்தது. ஆனால் கிழக்கே நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. கடற்படையும் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது தயக்கம் தோற்றது.

உத்தரவில் என்னதான் இருந்தது?

இரண்டு வேலைகள். முதலாவது, இந்தியாவின் ஒரே விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தைத் தேடிப் பிடித்து மூழ்கடிப்பது. இரண்டாவது, இந்தியாவின் கிழக்குக் கரையில், முக்கியமாக விசாகப்பட்டினத்துக்கு வெளியே, கடல் கண்ணிவெடிகளைப் போடுவது. முதல் வேலை முடிந்தாலும் முடியாவிட்டாலும் இரண்டாவதைச் செய்தாக வேண்டும்.

பார்க்க எளிமையாகத் தெரியும். ஆனால் இரண்டும் நேர் எதிரான குணம் கொண்ட வேலைகள். கப்பலை வேட்டையாட ஆழமான கடல் வேண்டும். தாக்கிவிட்டு ஆழத்தில் இறங்கித் தப்பிக்க இடம் வேண்டும். கண்ணிவெடி போடவோ கரையை ஒட்டி, ஆழம் குறைந்த நீரில், துறைமுக வாசலுக்கே வர வேண்டும். இருட்டில், தான் இருக்கும் இடத்தைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டு, ஒவ்வொரு வெடியையும் டார்பிடோ குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். எங்கே போட்டோம் என்பதில் கொஞ்சம் பிசகினாலும், திரும்பும்போது அது தன் காலுக்கே வைத்த கண்ணி.

விக்ராந்த் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கிழக்குப் பாகிஸ்தானைக் கடல்வழியாக முற்றுகையிட இந்தியாவுக்கு இருந்த பெரிய பலம் அதுதான். அதன் சீ ஹாக், அலிஸே விமானங்கள் கிளம்பினால் சிட்டகாங்கும் காக்ஸ் பஜாரும் மூடப்பட்டுவிடும். கிழக்கே சண்டை போடும் ராணுவத்துக்கு வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. அந்த ஒரு கப்பலை எடுத்துவிட்டால் முற்றுகையே தளர்ந்துவிடும் என்று கராச்சி கணக்குப் போட்டது. கணக்கில் தவறில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

போர் டிசம்பர் 3-இல்தானே தொடங்கியது? நவம்பர் 14-இலேயே ஏன் கிளம்பியது?

நீர்மூழ்கி மெதுவாகப் போகும் கப்பல். போர் தொடங்கிய பிறகு கிளம்பினால், போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதனால் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். இது எல்லா நாட்டுக் கடற்படைகளும் செய்வதுதான். நவம்பர் 23 அன்று பாகிஸ்தானில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபோது காஜி ஏற்கெனவே வங்காள விரிகுடாவில் இருந்தது.

எந்த வழியாக வந்தது? சென்னைப் பக்கம் வந்தது உண்மையா?

கராச்சியிலிருந்து அரபிக் கடல் வழியாகத் தெற்கே இறங்கி, இலங்கையைச் சுற்றி, மறுபடி வடக்கே ஏறியது. ஏறத்தாழ 3000 மைல், அதாவது 4800 கிலோமீட்டர். நவம்பர் 19 வாக்கில் இலங்கைக்கு அப்பால் இருந்தது, அடுத்த நாள் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது.

சென்னை விஷயம் உண்மைதான். விக்ராந்த் அந்த ஆண்டு சென்னையைத் தளமாக வைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் காஜி நவம்பர் 23 அன்று சென்னைக் கடலில் தேடலைத் தொடங்கியது. ஆனால் பத்து நாள் தாமதம். விக்ராந்த் அதற்குள் அந்தமான் பக்கம் போய்விட்டது. நாள்களை எண்ணிப் பாருங்கள்: காஜி கராச்சியில் கயிற்றை அவிழ்த்த அதே வேளையில்தான், இங்கே அது தேடிவரும் கப்பலும் இடம் மாறியிருக்கிறது. உத்தரவுத் தாளில் மை காய்வதற்குள் அது காலாவதியாகிவிட்டது.

1914-இல் சென்னையைக் குண்டு போட்டு அலறவைத்த ஜெர்மன் கப்பல் எம்டன் நம் பேச்சில் ஒரு சொல்லாகவே தங்கிவிட்டது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். 57 வருடம் கழித்து இன்னொரு எதிரிக் கப்பல் அதே சென்னைக் கடலில் நீருக்கடியில் பெரிஸ்கோப்பை நீட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. மெரினாவில் காற்று வாங்கிய யாருக்கும் அது தெரியாது.

விக்ராந்த் அங்கே இல்லை என்று தெரிந்ததும் கராச்சியிடம் கேட்டிருக்கலாமே?

நிறைய பேர் கேட்கும் கேள்வி, நியாயமான கேள்வியும்கூட. கேட்க முடியும். ஆனால் கேட்பது ஆபத்து.

ரேடியோவில் பேசினால் எதிரி அந்த அலையின் திசையைப் பிடித்துவிடுவான். இரண்டு மூன்று இடங்களிலிருந்து திசையைப் பிடித்தால் கப்பல் நிற்கும் இடமே தெரிந்துவிடும். ஒளிந்திருப்பதுதான் நீர்மூழ்கிக்கு இருக்கும் ஒரே கவசம், அதைத் தானே கழற்றிப் போடக் கூடாது. அதனால் நீண்ட பயணம் போகும் நீர்மூழ்கி பெரும்பாலும் காதை மட்டும் திறந்து வைத்திருக்கும், வாயைத் திறக்காது. குறிப்பிட்ட நேரங்களில் மேலே வந்து, கரையிலிருந்து வரும் சங்கேதச் செய்திகளைக் கேட்டுக்கொண்டு மறுபடி இறங்கிவிடும்.

ஆக, கடலில் இருக்கும் தளபதிக்கு இரண்டே துணை: கிளம்பும்போது கொடுத்த உத்தரவு, பிறகு கரை அவ்வப்போது அனுப்பும் துண்டுச் செய்திகள். கரைக்குத் தெரிந்தது தவறென்றால் இவருக்குத் தெரிந்ததும் தவறு. கரைக்கோ இவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாது. பாகிஸ்தான் தரப்பு எழுதியபடி, நவம்பர் 26 வாக்கில் காஜியிடமிருந்து ஒரு செய்தி வர வேண்டும். வரவில்லை. அதன் பிறகு கடற்படைத் தலைமையகத்தில் கவலை நாளுக்கு நாள் கூடியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீருக்கடியில் பேட்டரியில் ஓடும்போது காஜி மாதிரிக் கப்பல் மிக மெதுவாகத்தான் நகரும். மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் நகர்ந்தால் 48 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். வேகம் கூட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஒரு விமானந்தாங்கியைத் துரத்திப் பிடிக்க அதனால் முடியாது. அது வரும் வழியில் முன்னால் போய்க் காத்திருக்கத்தான் முடியும். ஆகவே எங்கே காத்திருப்பது என்ற தகவல் தப்பானால் பத்து டார்பிடோ குழாய்களும் வீண்.

விக்ராந்தை ஒளித்துவைத்தது யார்?

வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். அப்போது விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவர். நாகர்கோவிலில் 1919-இல் பிறந்தவர். நம் ஊர்க்காரர் இந்தக் கதையின் நடுவில் இருக்கிறார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வெகு நாள் தெரியாமல் இருந்தது.

அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் இது. விக்ராந்தின் ஒரு கொதிகலனில் விரிசல் விழுந்திருந்தது. முழு வேகத்தில் ஓட முடியாது. வேகமில்லாத விமானந்தாங்கி நீர்மூழ்கிக்கு நல்ல இரை. அதை வைத்துக்கொண்டு போரும் நடத்த வேண்டும், காப்பாற்றவும் வேண்டும்.

அவர் அதை அந்தமானில் ஆளரவமற்ற ஒரு நங்கூரமிடத்துக்கு அனுப்பினார். அந்த இடத்துக்கு 'போர்ட் எக்ஸ்-ரே' என்று ரகசியப் பெயர். அப்புறம் விக்ராந்த் விசாகப்பட்டினம் பக்கம்தான் இருக்கிறது என்று எதிரியை நம்பவைக்கும் வேலை தொடங்கியது. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விசாகப்பட்டினத்திலிருந்து 160 மைல் தள்ளி நிறுத்தி, விமானந்தாங்கி ஒன்று அனுப்புவதைப் போல ஏராளமான ரேடியோ செய்திகளை அனுப்பச் சொன்னார். ஊருக்குள் ஒப்பந்தக்காரர்களிடம் பெரிய அளவில் இறைச்சி, காய்கறி என்று உணவுப்பொருள் கேட்கப்பட்டது. உளவாளிகள் இருந்தால் அது அவர்கள் காதுக்கும் போகட்டும் என்பதுதான் எண்ணம்.

எல்லாவற்றிலும் என் மனதைத் தொட்டது ஒரு தந்தி. விக்ராந்தில் வேலை செய்வதாகச் சொல்லிக்கொண்ட ஒரு மாலுமி, உடம்பு முடியாமல் இருக்கும் தன் தாயின் நலத்தை விசாரிப்பதாக, சங்கேதம் எதுவும் இல்லாமல் வெளிப்படையாக அனுப்பிய தந்தி. ரகசிய விதியை ஒருவன் மீற வேண்டுமென்றால் அது அம்மாவுக்காகத்தான் இருக்கும் என்று எதிரியும் நம்புவான் அல்லவா? அதை யோசித்தவருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது.

இது பலித்தது. மூழ்கிய காஜியிலிருந்து பின்னர் எடுத்த தாள்களில், நவம்பர் 25 அன்று கராச்சி அனுப்பிய செய்தி ஒன்றும் இருந்ததாகக் கிருஷ்ணன் எழுதியிருக்கிறார். விமானந்தாங்கி துறைமுகத்தில் இருப்பதாக உளவுத் தகவல் என்று அதில் இருந்தது. அது சொன்ன துறைமுகம் விசாகப்பட்டினம்.

காஜி வருகிறது என்று இந்தியாவுக்கு எப்படித் தெரியும்?

ஒரு மசகு எண்ணெயால். சிட்டகாங் கடற்படை அதிகாரிக்குப் போன ஒரு செய்தியை இந்தியத் தரப்பு இடைமறித்தது. குறிப்பிட்ட வகை மசகு எண்ணெய் இருக்கிறதா என்று அதில் விசாரித்திருந்தார்கள். அந்த எண்ணெய் நீர்மூழ்கிகளிலும், கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரிக் கப்பல்களிலும் மட்டுமே பயன்படுவது. வங்காள விரிகுடா வரை வரக்கூடிய பாகிஸ்தான் நீர்மூழ்கி ஒன்றே ஒன்றுதான். மீதியை ஊகிப்பது கஷ்டமாக இல்லை.

டிசம்பர் 3 இரவு என்ன நடந்தது?

மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே இந்திய விமானத் தளங்களைத் தாக்க, போர் தொடங்கிவிட்டது. ராஜ்புத் எண்ணெய் நிரப்ப விசாகப்பட்டினம் வந்திருந்தது. தளபதி லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங். கிருஷ்ணன் அவரை நேரில் அழைத்து, நீர்மூழ்கி ஒன்று இலங்கைக்கு அப்பால் தென்பட்டது, அது இப்போது விசாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ அருகில் இருக்கும் என்று எச்சரித்து அனுப்பினார். கரையில் வழிகாட்டும் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன.

நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ராஜ்புத் துறைமுகத்தை விட்டு வெளியேறியது. வெளியே வந்ததும், முன்னால் நீர் கலைந்து கொந்தளிப்பதைக் கண்காணிப்பு மாலுமி பார்த்துச் சொன்னார். கப்பல் அந்த இடத்துக்கு வேகமாக விரைந்து, இரண்டு டெப்த் சார்ஜ்களை, அதாவது நீரடி வெடிகுண்டுகளை, போட்டது. வேறு எதுவும் தென்படவில்லை. தன் வழியே போய்விட்டது. சில நிமிடங்களில் பெரிய வெடிச்சத்தம். ஊருக்குள் கடற்கரை ஓரத்து வீடுகளின் ஜன்னல்கள் அதிர்ந்தன. காலையில் மீனவர்கள் மிதந்துவந்த பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நிஸ்தார் கப்பலின் முக்குளிப்பவர்கள் இறங்கிப் பார்த்து, அடியில் கிடப்பது காஜிதான் என்று உறுதி செய்தார்கள்.

சரி, யார்தான் மூழ்கடித்தது?

இந்தியக் கடற்படை ராஜ்புத்தின் பெயரைச் சொல்கிறது. தான் போட்ட கண்ணிவெடியிலேயே தற்செயலாகச் சிக்கியது என்று பாகிஸ்தான் சொல்கிறது. பேட்டரி ஏற்றும்போது சேரும் ஹைட்ரஜன் வாயு வெடித்திருக்கலாம், உள்ளே இருந்த டார்பிடோவோ கண்ணிவெடியோ வெடித்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. கப்பலின் முன்பக்கம்தான் சிதைந்திருந்தது. டார்பிடோக்களும் கண்ணிவெடிகளும் அடுக்கப்படும் இடம் அது. மூழ்கிய கப்பலைத் தங்கள் செலவில் தூக்கித் தருவதாக அமெரிக்காவும் சோவியத் யூனியனும் முன்வந்தன. இந்தியா வேண்டாம் என்றது.

ஆழம் குறைந்த நீர், இருட்டு, அணைந்த கரை விளக்குகள், பக்கத்திலேயே புதிதாகப் போட்ட கண்ணிவெடிகள், மேலே ஒரு நாசகாரியின் வேகம். இவ்வளவும் ஒன்றாகச் சேர்ந்த இடத்துக்கு அந்தக் கப்பலைக் கொண்டுவந்தது உத்தரவின் இரண்டாவது பகுதி. கடைசி அடி எதுவாக இருந்தாலும் அது எனக்கு இரண்டாம்பட்சமாகவே படுகிறது.

அப்படியானால் தவறு உத்தரவிலா, தளபதியிடமா?

தளபதி கமாண்டர் ஸஃபர் முகமது கானைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தேடச் சொன்ன இடத்தில் தேடினார். இல்லையென்றதும் கரை சொன்ன அடுத்த இடத்துக்குப் போனார். கண்ணிவெடி போடச் சொன்னார்கள், போட வந்தார்.

உத்தரவைத்தான் நான் குறை சொல்வேன். ஒரே கப்பலுக்கு ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு வேலைகள். உதவிக்கு வர அந்தக் கடலில் வேறு நீர்மூழ்கி கிடையாது; ஒதுங்க ஒரு துறைமுகம்கூடக் கிடையாது. இலக்கு எங்கே என்பதற்கோ எதிரி அவிழ்த்துவிட்ட தகவல்தான் ஆதாரம்.

அதே போரில் ஹங்கோர் என்ன செய்தது என்று பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்தில், அரபிக் கடலில், தாக்குவது என்ற ஒரே வேலையோடு சுற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் 9 அன்று டையூவுக்கு அப்பால் இந்தியாவின் குக்ரி கப்பலை மூழ்கடித்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தது. குக்ரியின் கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். காஜியின் முடிவைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். இரண்டு கப்பல்களிலும் இறந்தவர்கள் பெரும்பாலும் இருபது, முப்பது வயதுப் பையன்கள்.

உள்ளே அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் குர்சுரா என்ற இந்திய நீர்மூழ்கியைக் கரையேற்றி, 2002 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அது சோவியத் கப்பல், காஜியிலிருந்து வேறுபட்டதுதான், ஆனால் அளவில் கிட்டத்தட்ட ஒன்று: 91 மீட்டர். 1971-இல் அதுவும் அரபிக் கடலில் ரோந்தில் இருந்தது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு வட்டமான ஓட்டை வழியாகக் குனிந்து, காலைத் தூக்கிவைத்துத்தான் போக வேண்டும். படுக்கைகள் டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே. ஒருவர் எதிரே வந்தால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டும். இதற்குள் டீசல் வாசனை, வங்கக் கடலின் புழுக்கம், அளந்து கொடுக்கும் தண்ணீர் எல்லாவற்றோடும் 20 நாளை நினைத்துப் பாருங்கள். காஜிக்காரர்கள் கழித்தது அவ்வளவு நாள்.

சிதைந்த கப்பல் இன்னும் அங்கேதான் இருக்கிறதா?

இருக்கிறது. 2024-இல் இந்தியக் கடற்படை, நீர்மூழ்கி விபத்துகளில் ஆட்களை மீட்பதற்காக வாங்கிய ஆழ்கடல் மீட்பு ஊர்தியைக் கொண்டு அதைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. அதே கடலில் 1944 பிப்ரவரியில் இந்திய, ஆஸ்திரேலியப் போர்க்கப்பல்கள் மூழ்கடித்த ஆர்ஓ-110 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியும் கிடக்கிறது. காஜி இருக்கும் இடம் தெரிந்தும், உள்ளே இருப்பவர்களுக்கு மரியாதையாக அதைத் தொடாமல் விட்டுவிட்டார்கள்.